பின்சக்கரங்கள்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். உராய்வுப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம், "உராய்வு என்ற ஒன்று இல்லாமற் போனால் என்ன நடக்கும்?" என்று பிள்ளைகளைக் கேட்பது என் வழக்கம். "நடக்கவே முடியாது சார்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "நடந்தவன் நிற்கவும் முடியாது" என்று நான் சேர்த்துக் கொள்வேன். வகுப்பு சிரிக்கும். சிரிப்பதற்காகச் சொன்ன அந்த வாக்கியத்தின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது, ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் கழிந்த பின், 2023-ஆம் ஆண்டின் ஐப்பசி மாதத்தில், திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகும் சாலையின் ஒரு வளைவில்.

எங்கள் குமரி மாவட்டத்தாருக்கு மழையைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையும் எங்களுக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அன்று அக்காள் உடல்நலமின்றிப் படுத்திருந்ததால் பார்க்கப் புறப்பட்டோம். கஞ்சிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி முன்னிருக்கையில் இருந்தாள். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே சாலை கறுத்துப் பளபளத்தது. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை; அதை உறுதியாகச் சொல்வேன். இடப்பக்கம் திரும்பும் வளைவில், சாலையின் ஓரத்தில், ஒரே குடைக்குள் ஒரு பாட்டியும் சீருடை அணிந்த சிறுமியும் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் பிரேக்கை அழுத்தினேன். காரின் முன்பகுதி சொன்னபடி கேட்டது. பின்பகுதி கேட்கவில்லை. அது தன்போக்கில் வலப்புறம் வீச, காரின் மூக்கு நேராக அந்தக் குடையை நோக்கித் திரும்பிற்று.

எப்படி நின்றது என்று இன்றும் எனக்குத் தெரியாது. செம்மண் திட்டில் முன்சக்கரம் ஏறி நின்றது. குடைக்கும் காருக்கும் இடையே இரண்டு அடி இருக்கலாம். கஞ்சி முழுவதும் காருக்குள் கொட்டியிருந்தது. என் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் இறங்கி ஓடினேன். பாட்டி சிறுமியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "கொஞ்சம் பையப் போகப்பிடாதா சாரே?" என்று மட்டும் கேட்டார்.

"மழையம்மா, ரோடு வழுக்கிட்டு" என்றேன்.

அந்தப் பதிலைச் சொல்லும்போதே அது முழு உண்மையன்று என்பதை என் உள்ளம் அறிந்திருந்தது. எப்படி அறிந்திருந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மறுநாள் தக்கலையில் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். (என் பழைய மாணவர் என்று எழுதினால் கதை நன்றாயிருக்கும், ஆனால் அவர் என் மாணவர் அல்லர்.) அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து முன்டயரின் வாய்க்காலில் நட்டு, நகத்தால் அளவு குறித்துக் காட்டினார். குச்சி ஓரளவு ஆழமாகவே இறங்கியிருந்தது. பின்டயரில் நட்டபோது மருந்துத் தலை மட்டுமே உள்ளே போயிற்று.

"முன்னாடி நல்லாருக்கு, பின்னாடி மொட்டை. யாரு சார் இப்படிப் போட்டது?"

"நான்தான் தம்பி."

2021-இல் முன்டயர்கள் தேய்ந்தபோது நான் செய்த ஏற்பாடு அது. மகளின் திருமணக் கடன் அப்போது தீர்ந்திருக்கவில்லை. நான்கு டயர் வாங்க வழியில்லை, இரண்டு வாங்கினேன். எஞ்சின் முன்னால், ஸ்டியரிங் திருப்புவது முன்னால், பிரேக்கின் பெரும்பாரம் முன்னால். ஆகவே புதியவை முன்னால்தான் இருக்க வேண்டும் என்று இயற்பியல் ஆசிரியனாகிய நானே முடிவு செய்து கடைக்காரருக்குப் பாடமும் நடத்தினேன். அது வேறொரு கடை. அவரும் தலையாட்டினார். பின்னால் இருந்தவை 2017-இல் போட்டவை. பின்டயர்கள் மெதுவாகத்தான் தேயும், இன்னும் ஓடும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவற்றைப் பார்க்க நினைத்தேன். ஒவ்வொரு முறையும் 'அடுத்த மாத ஓய்வூதியம் வரட்டும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காரை நிறுத்தி இறங்குகிறவன் முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறான். பின்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் அரிது.

புதியதை முன்னால் போடும் என் வாதத்தில் குறை எங்கே என்பதைத் தக்கலைக்காரர் இரண்டே வாக்கியங்களில் விளக்கினார். முன்டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேரே போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி மீண்டும் வரும். பின்டயர் பிடி விட்டால் வண்டி சுழலும். அதைத் திருத்தப் பந்தய ஓட்டுநருக்குத் தெரியலாம், நமக்குத் தெரியாது. பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது, பின்பகுதி இலேசாகிறது. ஏற்கெனவே இலேசான பின்பகுதிக்குத் தேய்ந்த டயரையும் கொடுத்தவன் நான். இரண்டு மட்டும் வாங்குகிறவர் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும் என்று டயர் உற்பத்தியாளர்களே அறிவுறுத்துவதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்னிழுவைக் காருக்கும் இதே விதிதான்.

அவர் பின்டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்தைத் துடைத்துக் காட்டினார். 1217 என்று நான்கு இலக்கங்கள். 2017-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரத்தில் வார்த்த டயர். ஆறரை ஆண்டுகள் வெயிலிலும் காற்றிலும் இருந்த ரப்பர் இறுகிவிடுகிறது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். முன்டயர் சற்றே இடங்கொடுத்தது. பின்டயர் செருப்புத் தைப்பவரின் பழைய தோலைப் போல மரத்துக் கிடந்தது.

உராய்வு, தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது ஏறத்தாழச் சரி. ரப்பர் அந்த விதிக்கு அடங்குவதில்லை என்பதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. ரப்பர் இரண்டு வழிகளில் சாலையைப் பிடிக்கிறது. உலர்ந்த தரையோடு ஒட்டிக்கொள்வது ஒன்று. தார்ச்சாலையில் துருத்தி நிற்கும் கல் முனைகளின்மேல் அமுங்கி, வடிவம் மாறி, சற்றுத் தயங்கி மீள்வது மற்றொன்று. அந்தத் தயக்கத்தில்தான் ஆற்றல் செலவாகிறது, வண்டி நிற்கிறது. நடுவே நீர்ப்படலம் வந்ததும் முதல் பிடி பெரும்பாலும் போய்விடுகிறது. இரண்டாவது பிடியை நம்பித்தான் மழையில் நாம் ஓட்டுகிறோம். இறுகிய ரப்பர் கல்லின்மேல் அமுங்குவதில்லை.

முதலில் நீர் விலகினாலன்றோ ரப்பர் கல்லைத் தொடும்? சாலையில் மூன்று மில்லிமீட்டர் நீர் நிற்பதாகக் கொள்வோம். என் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு முன்டயரும் ஒரு நொடிக்கு எட்டு லிட்டர் நீரை வழியிலிருந்து அகற்ற வேண்டியிருக்கிறது. எண்பதில் பதினொரு லிட்டர். ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர், ஒரே நொடியில். பின்டயருக்கு முன்டயர் பாதையைத் துடைத்துத் தருகிறது என்றாலும், வளைவில் இரண்டும் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. அகற்றப்படும் நீர் வெளியேற வழி, டயரைச் சுற்றி ஓடும் அந்த வாய்க்கால்களே. புதிய கார் டயரில் அவற்றின் ஆழம் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர். நம் நாட்டுச் சட்டம் காருக்கு 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. வாய்க்காலின் அடியில் குறுக்கே அந்த உயரத்திற்குச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் பின்டயர்களில் இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. சட்டப்படி நான் குற்றவாளி அல்லன். "மழை ஊர்ல மூணுக்குக் கீழ போனா நான் மாத்திருவேன் சார், சட்டம் போலீசுக்குச் சொன்னது" என்றார் கடைக்காரர்.

காற்றழுத்தத்தையும் பலர் பொருட்படுத்துவதில்லை. டயர் நீரின்மேல் முற்றிலும் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960-களில் அமெரிக்காவின் நாசா விமானச் சக்கரங்களை ஆராய்ந்து கண்டது. அந்தக் கணக்கின்படி 30 பவுண்டு அழுத்தத்தில் ஏறத்தாழ 91 கிலோமீட்டர் வேகம். 20 பவுண்டுக்கு இறங்கினால் 74-லேயே மிதந்துவிடும். என் கார் ஐம்பதில் முற்றிலும் மிதந்திருக்காது. பாதி மிதந்து பாதி மரத்துப் போயிருக்கும். காற்றுப் பிடிக்க ஆகும் செலவு ஒரு தேநீர் விலைகூட இல்லை.

இனி, வாங்கிய கதை. கடையில் மூன்று விலைகளில் டயர்கள் இருந்தன. ஒன்று 3,200 ரூபாய். ஒன்று 4,300. வெளிநாட்டுப் பெயர் தாங்கிய மற்றொன்று 6,500. அப்போது டயருக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காடு, அதுவும் இந்த விலைக்குள் அடக்கம். 2025 செப்டம்பரில்தான் அதை 18 ஆகக் குறைத்தார்கள். பக்கத்தில் ரீபட்டன் டயர்களும் சில கிடந்தன. லாரிக்கும் பேருந்துக்கும் நல்ல பட்டறையில் ரீபட்டன் செய்வது நீண்டகால வழக்கம், அதில் பிழையில்லை. என் சிறிய காருக்கு, உள்கட்டின் வயது தெரியாத ஒன்றை வாங்க மனம் வரவில்லை. பாதி தேய்ந்த பழைய டயர் வாங்குவதும் அப்படியே.

மலிவான டயரைக் காட்டி, "இது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்றார் கடைப் பையன். இருமடங்கு நாள் உழைப்பதும் குறைந்த விலையும் சேர்ந்தால் வாத்தியார் மனம் அங்கேதான் சாயும். ஆனால் நெடுநாள் உழைக்கும் ரப்பர் பெரும்பாலும் கடினமான ரப்பர். மென்மையானது சாலையைப் பிடிக்கும், விரைவில் தேயும், எரிபொருளும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். இந்த முரண்பாட்டுக்கு 1990-களின் தொடக்கத்தில் ஒரு வழி பிறந்தது. டயரைக் கறுப்பாக்கும் கார்பன் கரித்தூளில் ஒரு பகுதிக்கு மாற்றாக, மணலின் மூலப்பொருளாகிய சிலிகாவை நுண்தூளாகச் சேர்த்தார்கள். ஈரப்பிடிப்பும் கூடிற்று, உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறைந்தது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு வியப்பு. எங்கள் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டுகிறார்கள்; மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்தப் பாலில் பெரும்பங்கு லாரி, பேருந்து டயர்களுக்குப் போகிறது. காரின் தரைபடும் பகுதியிலோ பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரே மிகுதி. மழையைப் பிடிப்பதில் அது இயற்கை ரப்பரை விஞ்சுகிறது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது.

பெயரைப் பார்த்து வாங்குவதற்கு மாறாக, பக்கச்சுவரைப் படிக்கலானேன். 165/80 ஆர் 14 85 டி என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 80 விழுக்காடு, ரேடியல் கட்டு, 14 அங்குல ரிம், தாங்கும் எடை 515 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். அகலமான டயர் போட்டால் பிடி கூடும் என்று சிலர் சொல்வார்கள். உலர்ந்த சாலையில் கூடலாம். நீரைப் பிளப்பதில் குறுகியதே மேல். ஆகவே வண்டியோடு வந்த அளவை மாற்றவில்லை. சில டயர்களில் அமெரிக்க விதிப்படி 'டிராக்ஷன்' என்ற சொல்லும் ஏஏ, ஏ, பி, சி என்பவற்றில் ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். நனைந்த தரையில் நேராகப் பிரேக் பிடித்துச் சோதித்த மதிப்பெண் அது. வளைவுக்கு அது சான்றிதழ் அன்று என்றாலும், எங்களைப் போன்றோர்க்குக் கிடைக்கும் நேர்மையான தகவல்களுள் ஒன்று. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு டயரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். மழைமேகப் படத்தின் அருகே எழுத்து. 2021 முதல் அது ஏ தொடங்கி ஈ வரை. நான் பார்த்த டயர்களில் அந்தச் சீட்டு இல்லை.

3,200 ரூபாய் டயரில் 'பி'. 4,300 ரூபாய் டயரில் 'ஏ'. சுற்றி ஓடும் வாய்க்கால்கள் நான்கு. தோள்பக்கத்தில் வெளியேறும் வெட்டுகள். வார்த்து நான்கு மாதமே ஆகியிருந்தது. 6,500 ரூபாய் டயரிலும் 'ஏ' தான். ஆனால் வார்த்து இரண்டரை ஆண்டு கடந்திருந்தது. நடுவிலுள்ளதை இரண்டு வாங்கினேன். பின்னால் போட்டோம். முன்னால் இருந்தவற்றில் பாதிக்கு மேல் பட்டன் இருந்ததால் அவை தொடர்ந்தன.

பழைய டயர்களுக்கு இரண்டும் சேர்த்து 400 ரூபாய் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். "யார் வாங்குவார்கள்?" என்று கேட்டேன். "கஷ்டப்படுறவங்க வாங்குவாங்க சார். ஆறு மாசம் ஓட்டலாம்ல." நானும் அதே சொற்களால்தான் என்னை இரண்டு ஆண்டுகள் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். டயர்களைக் காரிலேயே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொசு முட்டையிடாதபடி துளையிட்டுப் பலாமரத்தடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். நானூறு ரூபாயை விட்டதைப் பற்றி மனைவி இன்றும் ஒரு சொல் சொல்வதுண்டு. ஆனால் துளையிடும்போது டயரைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

இப்போது மழையில் அந்த வளைவை நாற்பதுக்குள் கடக்கிறேன். ஐம்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கினால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வேகத்தின் வர்க்கம், இந்தப் பாடத்தை மட்டும் நான் பிழையாக நடத்தவில்லை. பின்னால் வருகிற வண்டிகள் ஆரன் அடிக்கின்றன.

கார்த்திகையில் அக்காளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த வளைவில் காரை ஓரமாக நிறுத்தினேன். பாட்டியின் வீடு தோட்டத்தை ஒட்டியே இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. மகனும் மருமகளும் பால் வெட்டப் போகிறவர்களாம். நான்கு நாளாக மழை என்பதால் இருவரும் வீட்டில் இருந்தார்கள். சிறுமி கதவோரம் நின்று பார்த்தாள்.

"அன்னைக்கு மழைன்னு சொன்னேன் அம்மா. மழை இல்லை. பின்டயர் தேய்ஞ்சு போயிருந்தது. எனக்குத் தெரியும். மாத்தாமல் வச்சிருந்தேன்."

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார்.

"இப்போ மாத்தியாச்சா சாரே?"

"மாத்தியாச்சு."

"எவ்வளவு ஆச்சு?"

"எண்ணாயிரத்து அறுநூறு."

"ரெண்டுக்குமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே திரும்பி, மருமகளிடம் ஒரு கட்டன்சாயா போடச் சொன்னார்.